வயதைக் காட்ட ஐசி படம் கேட்டால்: சரிபார்ப்பை முடித்து வெளியே வரும் வழி

செயலிக் கடைகளுக்குச் சிங்கப்பூரின் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏ வகுத்த இணையப் பாதுகாப்பு விதிகள் 2025 மார்ச் 31இல் நடப்புக்கு வந்தன. பயனாளரின் வயதை உறுதிசெய்யும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஆப்பிள், கூகல், ஹுவாவெய், மைக்ரோசாஃப்ட், சாம்சுங் கடைகளுக்கு 2026 மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டது. இது போக, பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் என்று கட்டிய சரிபார்ப்புப் பக்கங்களும் இங்கே எட்டிப்பார்க்கின்றன. வீட்டுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் விடுதியில் தங்கி வேலை செய்யும் வெளிநாட்டுத் தம்பிகளுக்கும் இவற்றை முடித்துக் கொடுத்துப் பார்த்ததில் ஒன்று தெளிவு. முதல் படியில் போகும் தகவல் கொஞ்சம்தான். அது தோற்றபின் ‘மேல்முறையீடு’ என்று திறக்கிற படியில்தான் ஐசி (அடையாள அட்டை) படம் கைவிட்டுப் போகிறது.

உரையாடல் செயலியான டிஸ்கார்டின் விவகாரம் இதற்குச் சரியான சாட்சி. அதன் வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்று ஊடுருவப்பட்டு, ஏறக்குறைய 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் வெளியாகியிருக்கலாம் என்று 2025 அக்டோபரில் டிஸ்கார்டே அறிவித்தது. முகம் பார்த்து வயது கணிக்கும் கருவியிலிருந்து அவை போகவில்லை. “என் வயதைத் தப்பாகக் கணித்துவிட்டீர்கள்” என்று முறையிட்டவர்கள் உதவி மேசைக்கு அனுப்பிய படங்கள் அவை. ஆக, முதல் படியிலேயே தேறிவிடுவதுதான் பாதி பாதுகாப்பு.

முகக் கணிப்பு இடறுவது பெரும்பாலும் வெளிச்சத்தில். கூரை விளக்குக்கு நேர் கீழே நின்றால் கண்ணுக்கடியில் நிழல் விழும். சன்னலைப் பார்த்து உட்காருங்கள். கண்ணாடியைக் கழற்றி, முன்பக்க கேமராவின் லென்ஸைத் துணியால் துடைத்து, அழகூட்டும் ஃபில்டரை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். சில கைப்பேசிகளில் அந்த ஃபில்டர் தானாகவே ஓடிக்கொண்டிருக்கலாம். தோலை மழமழப்பாக்கி வயதைக் குறைத்துக் காட்டிவிடும். 18 வயது நிபந்தனை என்றாலும் சில சேவைகள் பிழைக்கு இடம்விட்டு, 21 அல்லது 25 வயது போலத் தெரிந்தால்தான் உள்ளே விடும். அதனால் 20 வயதுக்காரர் தோற்பதில் வியப்பில்லை. அமெரிக்க அரசின் தர அளவீட்டு அமைப்பான நிஸ்ட் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களின் முகங்களில் கணிப்புப் பிழை ஏறக்குறைய எப்போதும் கூடுதலாகவே இருந்தது. இரண்டு மூன்று முறை தோற்றதும் பக்கம் தானாக ‘ஆவணத்தைப் பதிவேற்றுக’ என்று மாறினால், அங்கேயே நிறுத்துங்கள். மறுநாள் நல்ல வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேமராவைத் திறக்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். கணினித் திரையில் கியூஆர் குறியீடு காட்டி, கைப்பேசிக்கு மாறச் சொல்வார்கள். மாறியதும் முகவரிப் பட்டையில் இருப்பது பெரும்பாலும் நீங்கள் கணக்கு வைத்திருக்கும் நிறுவனத்தின் பெயராக இருக்காது, வயதைப் பார்க்க அது அமர்த்திய ஒப்பந்தச் சேவையின் பெயராக இருக்கும். அந்தப் பெயரைக் குறித்துவையுங்கள், பின்னால் நீக்கச் சொல்ல வேண்டியது அவர்களிடமும்தான். அடுத்து, கணிப்பு உங்கள் கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறதா, படம் அவர்களின் சர்வருக்குப் போகிறதா என்று தனியுரிமைப் பக்கத்தில் தேடுங்கள். ‘உடனே அழிப்போம்’ என்பதும் ‘தேவைப்படும்வரை வைத்திருப்போம்’ என்பதும் ஒன்றல்ல.

முகம் வேண்டாம் என்பவர்களுக்குக் கடன் அட்டை நல்ல வழி. கார்டு கசிந்தால் வங்கிக்கு ஒரு போன் போட்டு முடக்கிவிடலாம். முகத்தையும் ஐசி எண்ணையும் அப்படி மாற்ற முடியுமா? ஆனால் இங்கே சொந்தப் பெயரில் கடன் அட்டை வாங்க 21 வயதாகியிருக்க வேண்டும், பொதுவாக ஆண்டு வருமானம் 30,000 வெள்ளியாவது வேண்டும். 19 வயது தேசிய சேவையாளருக்கு இது உதவாது, டெபிட் கார்டைப் பல சேவைகள் ஏற்பதும் இல்லை. வங்கிச் செயலியில் வரும் அறிவிப்பில் தொகையையும் வணிகர் பெயரையும் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். ‘வயதுக்கு மட்டும், கட்டணம் இல்லை’ என்று கார்டு எண்ணை வாங்கி மாதச் சந்தாவில் கோத்துவிடும் போலிப் பக்கங்கள் ஏராளம். டெலிகிராமிலோ டேட்டிங் உரையாடலிலோ முன்பின் தெரியாதவர் அனுப்பும் ‘வயதுச் சரிபார்ப்பு’ இணைப்பு மோசடிதான். சந்தேகம் இருந்தால் மோசடி உதவி எண்ணான 1799ஐ அழைத்துக் கேளுங்கள்.

அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக என்றால், அவசரத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. அதற்கு மேலே, அரசிடம் உள்ள உங்கள் விவரத் தொகுப்பான மைஇன்ஃபோவிலிருந்து என்னென்ன போகப்போகிறது என்ற பட்டியல் இருக்கும்: பெயர், ஐசி எண் அல்லது வெளிநாட்டவருக்கான ஃபின் எண், பிறந்த தேதி, சில நேரம் பதிவு முகவரியும். வயதுக்கு முகவரி எதற்கு? இருந்தால் ரத்துசெய்துவிட்டு வெளியேறுங்கள். செயலி காட்டும் இணைய முகவரியும் உலாவியில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். பிறந்த தேதியைக்கூடச் சொல்லாமல் ‘18க்கு மேல், ஆம்’ என்ற விடையை மட்டும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் முன்மாதிரி வெளியிட்டது. எல்லாருக்கும் அது வந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருக்காது.

இனி ஐசி படம். அட்டையின் முன்பக்கத்தில் பெயர், இனம், பிறந்த தேதி, பிறந்த நாடு, படம் எல்லாம் இருக்கின்றன. பின்பக்கத்தில் கைரேகையும் வீட்டு முகவரியும் உண்டு. வயதுக்குப் பின்பக்கம் தேவையே இல்லை. எண்ணை மட்டும் சொன்னாலும் முழுக்கத் தப்பிக்க முடியாது: 1968 முதல் பிறந்தவர்களுக்கு அதன் முதல் இரண்டு இலக்கங்களே பிறந்த ஆண்டு. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும், அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யத் தேவையில்லாத இடத்திலும் நிறுவனங்கள் ஐசி எண்ணையோ நகலையோ வாங்கக்கூடாது என்ற வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் இருக்கிறது. அதைச் சுட்டி வேறு வழி கேளுங்கள்.

கொடுத்தே ஆகவேண்டும் என்றால், ஒரு சிறு தாளைக் கிழித்து எண், இனம், பிறந்த நாடு ஆகிய வரிகளை மறைத்து, முகமும் பிறந்த தேதியும் தெரியும்படி எடுங்கள். படத்தின் குறுக்கே ‘இன்ன தளத்தின் வயதுச் சரிபார்ப்புக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதுங்கள். மறைத்த படத்தை இயந்திரம் பெரும்பாலும் நிராகரிக்கும், ஏனென்றால் அது அட்டையின் ஓரங்களையும் எல்லா வரிகளையும் தேடுகிறது. மனிதர் பார்க்கும் இடத்தில் ஏற்பார்கள். எடுக்கும்போது கேமராவின் இட அடையாளத்தை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் உங்கள் புளோக்கே படத்துக்குள் பதிவாகும். அனுப்பியதும் கேலரி, ‘அண்மையில் நீக்கியவை’, கூகல் போட்டோஸ் மூன்றிலும் அழியுங்கள்.

வொர்க் பெர்மிட் அட்டையில் முதலாளி நிறுவனத்தின் பெயரும் வேலைத் துறையும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு கேம் செயலிக்கு அதையும் பாஸ்போர்ட்டையும் தூக்கிக் கொடுக்காதீர்கள் தம்பிகளே. ஃபின் எண் வைத்திருப்போருக்கும் சிங்பாஸ் உண்டு.

பிள்ளையின் கணக்குக்கு அப்பா தன் முகத்தைக் காட்டுவது இன்னொரு வகைக் கேடு. விளையாட்டுத் தளமான ரோப்ளாக்ஸ், சரிபார்த்தவர்களை 9க்குக் கீழ், 9–12, 13–15, 16–17, 18–20, 21க்கு மேல் என்று பிரித்து உரையாட விடுகிறது. அப்பா முகம் காட்டினால் பத்து வயதுப் பிள்ளை பெரியவர்கள் கூட்டத்தில் போய் உட்காரும்.

முடிந்த பிறகு உலாவிக்குக் கொடுத்த கேமரா அனுமதியைத் திரும்ப வாங்குங்கள். பிறகு தளத்துக்கும் ஒப்பந்தச் சேவைக்கும் தனித்தனியே மின்னஞ்சல் போடுங்கள். இங்கே நமது தகவலைத் திரட்டும் ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் தொடர்பை வெளியிட்டிருக்க வேண்டும். நம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் ‘அழிக்கச் சொல்லும் உரிமை’ என்று தனியாக இல்லை. ஆகவே, ஒப்புதலை மீட்டுக்கொள்கிறேன், நோக்கம் முடிந்துவிட்டது, 25ஆம் பிரிவின்படி இனி வைத்திருக்கக்கூடாது என்று எழுதுங்கள். என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்றும் அதிலேயே கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் தர முடியாவிட்டால், எப்போது தருவோம் என்றாவது அவர்கள் சொல்லியாக வேண்டும். அதுவும் வராவிட்டால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம். “நீங்கள்தான் கேட்கிறீர்கள் என்று உறுதிசெய்ய ஐசி படம் அனுப்புங்கள்” என்று பதில் வருவதும் உண்டு. கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் டிக்கெட் எண்ணும் போதும் என்று திருப்பி எழுதுங்கள்.