வினைல் வெட்ட கிரைண்டரைத் தொடாதீர்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கம் எதை வெட்டவேண்டும் என்றாலும் கை முதலில் கிரைண்டருக்குத்தான் போகும். இரும்புக் கம்பி, ஓடு, சிமெண்டுப் பலகை, எல்லாவற்றுக்கும் வட்டத் தட்டு சுழன்று வெட்டும் அதே 4 அங்குல கைக் கிரைண்டர். மாமியாரின் பலகை வீட்டில், சமையல்கட்டு வெளிச்சுவருக்கு வினைல் (சுவர்மேல் போர்த்தும் மெல்லிய பிளாஸ்டிக் பலகை) பொருத்தப் போனபோதும் மச்சான் அதைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். “வேணாம் மச்சான்” என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

காரணம் சூடு. கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். வினைல் என்பது பிவிசிதான், ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் தடிமன். அறுபடுவதற்கு முன்பே உருகி, ஓரமெல்லாம் சூயிங்கம் மாதிரி அப்பிக்கொள்ளும். வாடை வேறு.

ஒரு சுவருக்கு, தகரம் வெட்டும் கத்தரி ஒன்றும் நல்ல வெட்டுக்கத்தி ஒன்றும் போதும் என்பேன். கத்தரியில் மஞ்சள் பிடி நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்கம் வளைய, பச்சை வலப்பக்கம் வளைய. மஞ்சளை மட்டும் வாங்கினாலே பாதி வேலை முடியும். பலகையில் ஆணி அடிக்கும் மேல்விளிம்பிலிருந்து வெட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் கத்தரியை நுனிவரை மூடாமல், முக்கால்வாசியில் நிறுத்தி முன்னே நகர்த்துங்கள். முழுக்க மூடினால் அந்த இடத்தில் பல் பல்லாகப் பிசிறு நிற்கும்.

நீளவாக்கில் கிழிக்கக் கத்திதான். நல்ல பக்கம் மேலே இருக்க, நேர்ச்சட்டம் வைத்து ஒரு கோடு அழுத்திக் கீறி, முன்னும் பின்னும் மடக்கினால் டக்கென்று பிரிந்துவிடும். அடிவரை அறுக்கத் தேவையில்லை. ஜன்னல் இடத்துக்கு இரண்டும் வேண்டும்: இரு பக்கமும் கத்தரியால் இறக்கி, கீழ்க்கோட்டைக் கத்தியால் கீறி மடக்க வேண்டும்.

வீடு முழுக்க என்றால் வட்ட ரம்பம் எடுக்கலாம். பொடிப்பல் பிளேடைத் திருப்பி மாட்டி மெதுவாகத் தள்ளவேண்டும். அப்படி மாட்டிய பிளேடால் மரத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள், ஆபத்து. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

குளிர்நாட்டில் வினைல் விறைத்து நொறுங்குமாம். நமக்கு அந்தக் கவலை இல்லை, வெயில்தான் பிரச்சினை. 12 அடிப் பலகை சூட்டிலும் குளிரிலும் அரை அங்குலம்வரை நீண்டு சுருங்கும். வெயிலில் கிடந்ததை அளந்து வெட்டினால் ராத்திரி குட்டையாகிவிடும். அதனால் நிழலில் வைத்து அளந்தோம், இரு முனையிலும் 6 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். ஆணியையும் இறுக்கி அடிக்கவில்லை.

கிடைக்காமல் போனது ஒன்றுதான். ஜன்னலுக்கு அடியில் வரும் துண்டின் மேல்விளிம்பை வெட்டிவிடுவதால், அது ஜன்னல் சட்டத்துக்குள் பிடித்து நிற்கச் சின்னச் சின்னப் புடைப்பு எழுப்பும் இடுக்கி ஒன்று வேண்டும். ஹார்ட்வேர் கடைத் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) போனில் படத்தைக் காட்டினேன். உள்ளே போய்த் தேடி, இடுப்பு வாரில் ஓட்டை போடும் கருவியைக் கொண்டுவந்து நீட்டினார். அப்புறம் ஆன்லைனில்தான் வரவழைத்தோம்.