ஓட்டின் அடிப்பக்கம்

மார்ச் 12

வாடைக்காற்று அடங்கிவிட்டது. தண்ணீர் தெளிந்து கிடக்கிறது. மான்கொம்புப் பவளத்தில் ஒரு நுனியை ஒடித்துப் பார்த்தோம்: முட்டைகள் இளஞ்சிவப்பு, முற்றிவிட்டன. வெள்ளையாக இருந்திருந்தால் இந்தப் பௌர்ணமி நமக்கில்லை.

அக்கா கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

மார்ச் 13

கண் விழித்ததுதான் மிச்சம்.

மார்ச் 15

பவளங்கள் முட்டை விட்டுவிட்டன! நேற்று ராத்திரி, விளக்கையெல்லாம் அணைத்த பிறகு. கொத்திலுள்ள ஒவ்வொரு குட்டிப் பவள உயிரின் வாயிலும் குருணை அளவுக்கு ஓர் உருண்டை முட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் எல்லாம் ஒன்றாக மேலே. முட்டையும் விந்தும் ஒரே உருண்டையில்தான், ஆனால் தன் விந்தைத் தன் முட்டை பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் பல கொத்துகளின் தண்ணீரைக் கலந்துவிட்டோம். எவ்வளவு சோப்புப் போட்டும் கையில் அந்த வீச்சம் போகவில்லை.

மார்ச் 16

மதுரையில் ஒரு கல்லூரியில் வேலைக்கு இடம் காலியாம். மாசக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம். நான் போனை எடுக்காததைவிட, எடுத்து "யோசிக்கிறேன்" என்றதுதான் அக்காவுக்கு எரிச்சல்.

மார்ச் 19

காலை முழுக்க நுண்ணோக்கி. ஒரே ஒரு லார்வாவைத்தான், அந்த முட்டையிலிருந்து வந்த பவளக் குஞ்சைத்தான், பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண் கிடையாது, மூளை கிடையாது, உடம்பெல்லாம் நுண்மயிர். தடித்த முனை முன்னால், வாய் பின்னால், அப்படித்தான் நீந்துகிறது. அது ஒட்டி வளரட்டும் என்று தொட்டியில் ஓடுகள் போட்டிருக்கிறோம். புது ஓட்டில் போய் முட்டியது, திரும்பியது. அடுத்தது முயல் தீவுப் பக்கம் மாசக்கணக்கில் கடலில் ஊறிய ஓடு. அடிப்பக்கத்தில் ரோஜா நிறத்தில் சுண்ணாம்புப் பாசி படர்ந்திருக்கிறது. அங்கே வந்ததும் வேகம் குறைந்தது. முனையை ஊன்றி, சுற்றி, தடவி... போயே போய்விட்டது! என்னதான் பிடிக்கவில்லை என்று கேட்டுவிடலாம் போல இருந்தது.

அந்தப் பாசியும் அதன்மேல் வாழும் பாக்டீரியாக்களும் தரும் ரசாயனம்தான் அதற்குத் துப்பு. வண்டலும் பஞ்சுப் பாசியும் மூடிய மேல்பக்கத்தை அது சீண்டவே இல்லை. நியாயம்தான். 2010, 2016-ல் கடல் சூடாகி, வெளிறிச் செத்த பவளத்தை மூடியதும் இந்த மாதிரிப் பாசிதானே.

ஒட்டினால் ஒட்டியதுதான். தட்டையாகி, அடியில் சுண்ணாம்பு வைக்கத் தொடங்கிவிட்டால் பிறகு வேறு இடம் பார்க்கப் போவதில்லை.

மார்ச் 20

கரண்ட் போய், காற்றுக் குழாய் நின்று, எனக்கு உயிரே போய் வந்தது. ஜெனரேட்டர் போடத் தெரிந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார்.

மார்ச் 21

ஒன்றுகூட ஒட்டவில்லை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

காதில்லாத இதற்குச் சத்தமும் துப்பாம். குரசாவோ தீவில் பவள லார்வாக்கள் பவளப் பாரின் சத்தம் வந்த பக்கம் நீந்தியதாக 2010-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். 2024-ல் அமெரிக்க வர்ஜின் தீவுகளிலிருந்து இன்னொன்று: நல்ல பாரின் சத்தத்தைக் கடலடியில் ஒலிபெருக்கியில் விட்டால் சராசரியாக 1.7 மடங்கு, எக்கச்சக்கமாகப் போனால் 7 மடங்கு கூடுதலாக ஒட்டின. அங்கே இறால் சொடுக்கும், மீன் உறுமும். என் தொட்டியில் மோட்டார்தான்.

மதுரையில் எதைக் கேட்டுக்கொண்டு தூங்குவது?

மார்ச் 22

ஒட்டியிருக்கின்றன! எல்லாம் ஊறிய ஓட்டின் அடிப்பக்கம், விளிம்போரம், சின்னச் சின்னக் குழிகளில். புது ஓடு காலி.

மார்ச் 24

மிச்சமுள்ளவை இன்னும் சுற்றுகின்றன. முட்டையிலிருந்து கொண்டுவந்த கொழுப்புதான் அவற்றுக்குக் கட்டுச்சோறு. அது கரையக் கரையப் பிகுவும் குறையும், கடைசியில் சுமாரான இடத்திலும் உட்கார்ந்துவிடும். அக்காவிடம் சொன்னேன்.

"அதுக்குத் தெரியுது" என்றாள்.

மார்ச் 25

ஊறின ஓடு இன்னும் வேண்டும். தீவுப் பக்கம் போக வனத்துறை அனுமதி இந்த மாசத்தோடு முடிகிறது. நீட்டிப்புக்கு நாளை எழுதணும்.