அழுத்திப் பார்க்கும் ஸ்கேன்

வலது அடிவயிற்றில் வலி என்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எங்கே அதிகமா வலிக்குது, ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்க" என்பதுதான், ஏனென்றால் பல நேரம் அந்த விரலுக்கு நேர் கீழேயே வீங்கிய குடல்வால் (அப்பெண்டிக்ஸ்) கிடக்கும்.

அப்புறம் அழுத்த வேண்டும். சட்டென்று இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. நெதர்லாந்து ரேடியாலஜிஸ்ட் ஜூலியன் பாய்லார்ட் 1986-ல் எழுதிய முறை இது: வயிற்றின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவியை (புரோப்) மெதுவாக அழுத்தினால் நடுவில் இருக்கும் குடலும் வாயுவும் விலகிவிடும், அழற்சி வந்த குடல்வால் மட்டும் நசுங்காமல் நிற்கும். ஒரு முனை மூடிய குழாய், அசைவே இல்லை, விட்டம் 6 மில்லிமீட்டருக்கு மேல், சுற்றிலும் கொழுப்பு வெளுத்துத் தெரியும், உள்ளே சில சமயம் கல்லாக இறுகிய மலத்துணுக்கு, அதன் பின்னால் நிழல். அந்த 6 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு சொல்வது எனக்குப் பிடிக்காது. நல்ல குடல்வாலே சிலருக்கு 7 இருக்கும்.

பெருங்குடலின் தொடக்கப் பகுதிக்குப் பின்னால் மறைந்திருந்தாலோ, உடல் பருமனாக இருந்தாலோ, கண்ணில் படாமலே போகும். அப்போது "குடல்வால் தெரியவில்லை" என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதுவேன், அதை நார்மல் என்று நினைத்து வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்களோ என்று எனக்கு உண்மையிலேயே பயம். தயவுசெய்து சர்ஜனிடம் காட்டாமல் போகாதீர்கள். கதிர்வீச்சு இல்லாததால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஸ்கேனைத்தான் முதலில் செய்கிறோம். சரியாகத் தெரியாவிட்டால் சில மணி நேரம் கழித்து மறுபடி ஸ்கேன், இல்லையென்றால் சிடி, கர்ப்பிணிக்கு எம்ஆர்ஐ.