மூணு கால் வெள்ளை

ஆடி பிறந்தால் அந்தியூர் போகணும் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொண்டே இருந்து, இந்த முறைதான் போய்ச் சேர்ந்தேன். குருநாதசாமி கோயில் தேர்த்திருவிழாவும் அதையொட்டிக் கூடும் குதிரைச் சந்தையும். பவானியில் மாமாவை வண்டியில் ஏற்றிக்கொண்டேன். மாமா குதிரை வாங்குகிற ஆள் இல்லை, விலை கேட்டுவிட்டு நகர்கிற ஆள். அந்தியூருக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே போக்குவரத்து நின்றுபோக, வெற்றிலைக் கொடிக்கால் ஓரமாக வண்டியை விட்டுவிட்டு நடந்தோம். ஆடிக்காற்று அள்ளி அடித்த புழுதியில் மாமாவின் வெள்ளை வேட்டி சந்தைக்குப் போகுமுன்பே காவியாகிவிட்டது.

எனக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்த கதை வேறு. 2020-ல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தபோது ராத்திரி தூக்கம் வராமல் யூடியூபில் பழைய கென்டக்கி டெர்பி ஓட்டங்களைப் பார்க்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் லூயிவில் நகரத்து சர்ச்சில் டௌன்ஸ் மைதானத்தில் மே மாதம் முதல் சனிக்கிழமை நடக்கிற பந்தயம். அந்த வருஷம் மட்டும் செப்டம்பருக்குத் தள்ளி, கூட்டமே இல்லாமல் நடத்தினார்கள். 1875-ல் தொடங்கியதிலிருந்து ஒரு வருஷம்கூட விட்டதில்லை. ஒன்றே கால் மைல், அதாவது இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நம் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா 200 மீட்டர், 300 மீட்டர் என்று ஓடுகிற கணக்கில் பார்த்தால் இது பெரிய தூரம், ஆனால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஜெயித்த குதிரைக்கு நானூறுக்கும் மேற்பட்ட சிவப்பு ரோஜாக்களைத் தைத்த போர்வை போடுகிறார்கள். நம்மூர் மாலை மாதிரிதான், கொஞ்சம் கனம் கூட.

முதல் வருஷம் ஜெயித்தது அரிஸ்டைடிஸ் என்ற குதிரை. கூட ஓடிய இன்னொரு குதிரையை ஜெயிக்க வைப்பதற்காக முன்னால் இழுத்து ஓட விடப்பட்டது என்று சொல்வார்கள், அதுவே கடைசிவரை முன்னால் போய்விட்டது. ஓட்டியவர் ஆலிவர் லூயிஸ், கறுப்பினத்தவர். அன்றைக்கு ஓடிய 15 ஜாக்கிகளில் 13 பேர் கறுப்பர்கள் என்பது எனக்குத் தெரியவந்தபோது நம்பவே முடியவில்லை. ஏனென்றால் பிற்பாடு வந்த படங்களில் அவர்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். ஜிம்மி விங்க்ஃபீல்ட் 1901, 1902 இரண்டு வருஷமும் ஜெயித்தார், அதற்கப்புறம் இந்தப் பந்தயத்தில் ஜெயித்த கறுப்பின ஜாக்கி இல்லை. ஓரங்கட்டியே விட்டார்கள்.

சரி, சந்தைக்கு வருகிறேன். கண்ணுக்கு எட்டின வரைக்கும் கயிறு, முளை, குதிரை. ஊறவைத்த கொள்ளு வாசனையும் சாணி வாசனையும் கலந்து ஒரு மாதிரி மூக்கில் ஏறும், அரை மணி நேரத்தில் பழகிவிடும். திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்று ஊரில் சொல்கிறார்கள். ஒரு பக்கம் மேளத்துக்குக் கட்டில்மேல் ஏறி நாட்டியமாடுகிற குதிரை, அதைச் சுற்றிச் செல்போன் கூட்டம். நான் தேடியது ஓட்டக் குதிரையை. ஆனால் கண்ணில் நின்றது ஒரு மார்வாரி இனப் பெண் குதிரை. காது நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தது.

பக்கத்தில் கொள்ளுச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்த வியாபாரிக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கட்டைவிரலை எச்சில் தொட்டு, குதிரையின் நெற்றி முடியை ஒதுக்கி மாமாவிடம் சுழி காட்டினார். மாட்டுக்குப் பாடைச்சுழி, இறங்குபூரான் மாதிரி ஆகாத சுழி இருக்கிறதா என்று எங்கள் வீட்டிலும் பார்த்துத்தான் வாங்குவார்கள். குதிரைக்கு இன்னும் கறார் போல. நெற்றியில், கழுத்தில், வயிற்றடியில், ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினார்.

"தம்பிக்குக் குதிரைன்னா உசுருங்க" என்று மாமா போட்டுக்கொடுத்துவிட்டார். அப்புறம் என்ன, நான் செக்ரட்டேரியட் என்ற பந்தயக் குதிரையின் புராணத்தைத் தொடங்கிவிட்டேன். 1973 டெர்பி. ஐந்து கால்-மைல் துண்டுகள்: 25.2, 24, 23.8, 23.4, 23 விநாடி. ஓட ஓடக் களைக்கவேண்டிய இடத்தில், ஒவ்வொரு துண்டையும் முந்தியதைவிட வேகமாக ஓடியிருக்கிறது. மொத்தம் 1 நிமிஷம் 59.4 விநாடி, ஐம்பது வருஷம் தாண்டியும் அந்த நேரத்தை எந்தக் குதிரையும் தொடவில்லை. அதற்கப்புறம் அதிகாரபூர்வமாக இரண்டு நிமிஷத்துக்குள் வந்தது 2001-ல் மொனார்கோஸ் ஒன்றுதான். அதே 1973 ஜூனில் பெல்மான்ட் பந்தயத்தில் 31 குதிரை நீளம் முன்னால் போய் ஜெயித்தது. இந்தக் குதிரை பிறப்பதற்கு முன்பே, எந்தக் குட்டி யாருக்கு என்று நாணயம் சுண்டிப் போட்டுப் பார்த்ததில் தோற்ற பக்கத்துக்குத்தான் இது கிடைத்தது.

அவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "என்ன வயசுங்க?"

"மூணு. அந்தப் பந்தயத்துல மூணு வயசுக் குதிரைதான் ஓடமுடியும். ஆயுசுக்கும் ஒரே தடவை."

"மூணு வயசா? குட்டியப் புடிச்சு ஓட்டிருக்காங்களே, பாவம்." அப்புறம், "என்ன நிறம்?"

"செம்மண் நிறம். நெத்தியில நட்சத்திரமும் கீழ வரைக்கும் ஒரு கோடும். மூணு கால் வெள்ளை."

வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். "மூணா?"

"மூணு."

"நாலுங்காலும் வெள்ளை, மூஞ்சியும் வெள்ளைன்னா பஞ்சகல்யாணி, கண்ண மூடிட்டு வாங்கலாம். மூணு கால் வெள்ளைய நான் கொட்டாய்க்குள்ளயே உடமாட்டேனுங்க."

டெர்பி ஓடுவதற்கு முன்பே 60 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்குப் பங்கு போட்டு வாங்கினார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அவிங்க காசு, அவிங்க வாங்குனாங்க" என்றார். மாமா துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

விடக்கூடாது என்று செல்போனை எடுத்து அந்த ஓட்டத்தைப் போட்டேன். திருவிழாக் கூட்டத்தில் நெட் எங்கே வரும், கடைசித் திருப்பத்துக்கு வந்ததும் வட்டம் சுற்றத் தொடங்கிவிட்டது. நல்லவேளை, படம் ஒன்று சேமித்து வைத்திருந்தேன். அவர் போனை வாங்கி, வெயில் படாமல் துண்டால் மறைத்துக்கொண்டு, பெரிதாக்கச் சொன்னார். காலைப் பார்க்கவில்லை. நெற்றியைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம்.

"சுழி தெரிய மாட்டேங்குதே" என்றார். "வெள்ளைக்குள்ள மறைஞ்சு கெடக்கு. வேற போட்டா இருக்குங்களா?"

தேடினேன். நான்கைந்து இருந்தன. மாமா விலை பேச மறந்து எங்களோடு குனிந்துகொண்டார். அந்தப் பெண் குதிரை என் சட்டைப் பையை முகர்ந்துகொண்டிருந்தது.