நூலின் வயிறு எங்கே போனது?

மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஃபிளை ராடு, அதாவது இறகுக் கொக்கி வீசும் தூண்டில் கோல், ஒன்பது அடி நீளம்; நூல் கனத்தைக் குறிக்கும் வரிசையில் எட்டாம் எண். நம் ஊரில் நரம்பின் நுனியில் ஈயம் கட்டித் தூண்டில் எறிவோம். இதில் ஈயமே கிடையாது. முடியும் இறகும் சுற்றிய கொக்கி ஊதினால் பறக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போவது நூலின் கனம்தான். அந்தக் கனம் நூலின் முன்பகுதியில், 'வயிறு' என்கிற தடித்த பகுதியில் இருக்கும். எட்டாம் எண் நூலில் முதல் முப்பது அடி சுமார் 13.6 கிராம் இருக்கும். இவ்வளவும் படித்துவிட்டுத்தான் அந்தக் கனத்தைக் கொண்டுபோய் ரீலின் அடியில் புதைத்தேன்.

மற்ற வேலைகளில் குறை வைக்கவில்லை. முதலில் முப்பது பவுண்டு தாங்கும் பேக்கிங் (நூலுக்கு அடியில் சுற்றும் மெல்லிய கயிறு) 180 மீட்டர், ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்துச் சுற்றினேன். தொளதொளவென்று சுற்றினால், மீன் இழுக்கும்போது மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். பகாமாஸ் திட்டுகளில் ஓடும் போன்ஃபிஷுக்கு அவ்வளவு நீளம் வேண்டும். கெடிலம் முகத்துவாரத்துக் கொடுவாவுக்குக் கொஞ்சம் ஆடம்பரம்தான். பேக்கிங்கையும் நூலையும் சேர்க்க ஆணி முடிச்சு. ஆணிக்குப் பதில் தீர்ந்துபோன பேனா ரீஃபிலை வெட்டி வைத்துக்கொண்டேன். எச்சில் தொட்டு இறுக்கினால் முடிச்சு அரிசிமணி அளவுக்கு அழகாக உட்காருகிறது.

பிறகு ஒரு வாரம் கடலூர் தேவனாம்பட்டினத்தில் அவமானம். வற்றத்தில் முழங்கால் தண்ணீரில், திருக்கையை மிதித்துவிடாமல் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து போய் வீசுவேன். ஐந்து பாகம்கூட (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த நீளம்) போகாமல் நூல் என் தோளிலேயே விழும். கடற்காற்றைத் திட்டினேன்.

வீச்சுவலையோடு வந்த பெரியவர் ஒருவர் நூலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து இழுத்துக்கொண்டே போனார். பத்தாவது பாகத்தில் நின்றார். "இங்கேதான் தம்பி வயிறே வருகிறது. வலை உச்சியில் ஈயத்தைக் கட்டிவிட்டு எறிந்தால் விரியுமா?"

நூலைத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறேன். 'இந்த முனை ரீலுக்கு' என்று ஒட்டியிருந்த துண்டுச்சீட்டு என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வாசல் கேட்டிலிருந்து முருங்கைமரம் வரை நூலை இழுத்துக் கட்டி, சுருள் நீங்கியதும் மறுபடி சுற்றினேன். முன்னால், நூலுக்கும் கொக்கிக்கும் நடுவே, லீடர் என்கிற மெல்லிய நரம்பு ஒன்பதடி. கொடுவாவின் செவுள்மூடி கத்திபோல அறுக்கும் என்பதால் நுனியில் நாற்பது பவுண்டு நரம்பு ஒன்றரை அடி. இப்போது எட்டு பாகம் போகிறது. கொடுவா இன்னும் வரவில்லை. கிழங்கான் ஒன்று, தவறிப்போய் மாட்டியது.

கடலிலிருந்து வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் தெருவில் போர் தண்ணீரே உப்பு. அதனால் ரீலுக்குக் கேன் தண்ணீர். கேன் முப்பத்தைந்து ரூபாய் என்று சமையலறையிலிருந்து தினமும் ஒரு குரல் வருகிறது.