தாடியை எடுத்துவிட்டுப் போங்கள்

ராணுவத்தில் பட்ட தழும்புக்கு இழப்பீடு கேட்டு நாலு வருஷமாக இழுத்த கேஸ் ஒருவழியாக முடிந்தது. முடிந்த நிம்மதியைவிட, முதல் நாள் நான் உதிர்த்த ஒரு வார்த்தைதான் இன்னும் உறுத்துகிறது. டாக்டர் “வலிக்கிறதா?” என்று கேட்டார். “பரவாயில்லை” என்றேன். சொன்னது ஆங்கிலத்தில்தான், ஆனால் அசல் நம்ம ஊர் பரவாயில்லை.

2013-ல் மாவ்னி திட்டத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவன் நான். கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காக எடுத்த திட்டம் அது. பட்டியலில் தமிழும் இருந்தது. தமிழுக்காக எடுத்தார்கள், லாரி ரிப்பேருக்கு அனுப்பினார்கள். அங்கேதான் ஒரு நாள் ஃபேன் பெல்ட் அறுந்து, வலது காதுக்குக் கீழிருந்து கழுத்து வரை கிழித்துவிட்டது. தையல், ஒரு வாரம் ஓய்வு, அப்புறம் பழையபடி வேலை. 2019-ல் வெளியே வந்ததும் தாடி வளர்த்தேன். ஸ்டைலுக்காக இல்லை. அந்த இடத்தில் ரேஸர் பட்டால் சுரீர் என்று இழுக்கும்.

2020-ல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறையிடம் இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். பாதிப்பைச் சதவீதத்தில் மதிப்பிட்டு, அதற்கேற்ப மாதாமாதம் பணம் தருவார்கள். காது இரைச்சலுக்கு 10 சதவீதம் பேசாமல் கிடைத்தது. தழும்புக்கு ஒப்பந்த டாக்டர் ஒருவரிடம் பரிசோதனை. கொரோனா காலம், முகத்தில் மாஸ்க், அதற்குள் தாடி. “கொஞ்சம் இறக்குங்கள்” என்றார், எட்டிப் பார்த்தார், காதுக்குக் கீழே தெரிந்த நுனியில் டேப்பை வைத்தார். பிறகு அந்தக் கேள்வி, அந்த பரவாயில்லை. எல்லாம் ஏழெட்டு நிமிஷம். தாடி ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிப்ரவரி 2021-ல் கடிதம் வந்தது: தழும்பு பணியில் ஏற்பட்டதுதான், ஆனால் 0 சதவீதம். காரணம்: அகலம் 0.2 செ.மீ., வலி இல்லை.

பூஜ்யம் என்றதும் நிராகரித்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பணியால் வந்தது என்று ஒப்புக்கொண்டதே பாதிக்கிணறு தாண்டிய மாதிரி. மிச்சம் எத்தனை சதவீதம் என்ற சண்டை மட்டும்தான்.

அந்தச் சண்டையில் தப்பான கதவைத் தட்டினேன். 2019 பிப்ரவரிக்குப் பிறகு வந்த முடிவுகளை எதிர்க்க மூன்று வழி உண்டு: புது ஆதாரத்தோடு துணை விண்ணப்பம், மேல்நிலை மறுஆய்வு, வாஷிங்டனில் இருக்கும் மேல்முறையீட்டு வாரியம். ‘மேல்நிலை’ என்ற சொல்லில் மயங்கி நடுவில் இருப்பதைப் போட்டேன். அதில் புது ஆதாரம் எதையும் பார்க்க மாட்டார்கள், இருந்த காகிதங்களையே வேறொரு அதிகாரி திரும்பப் படிப்பார், அவ்வளவுதான். உதவி எண்ணில் பேசியவரோ “போட்டோவை ஏற்றிவிடுங்கள் சார்” என்றார். ஏற்றினேன். இணையதளமும் பச்சை டிக் போட்டு வாங்கிக்கொண்டது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. ஐந்து மாதம் கழித்து அதே பூஜ்யம்.

அதற்குப் பிறகுதான் இந்த மாதிரி விண்ணப்பங்களுக்கு உதவ அங்கீகாரம் பெற்ற ஒரு பிரதிநிதியிடம் போனேன். வியட்நாம் போரில் இருந்த கிழவர். காசு வாங்குவதில்லை. கடிதத்தை இரண்டு நிமிஷம் படித்துவிட்டு நிமிர்ந்தார். “தம்பி, சட்டத்தில் இருப்பது வேறு, இவர்கள் எழுதியிருப்பது வேறு” என்கிற தொனியில் அவர் சொன்னதன் சாரம் இது. முகம், தலை, கழுத்துத் தழும்புகள் 7800 என்ற குறியீட்டில் வரும். விகாரத்துக்கு, அதாவது தோற்றம் கெட்டதற்கு, எட்டு அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று இருந்தாலே 10 சதவீதம், இரண்டோ மூன்றோ இருந்தால் 30. நீளம் 13 செ.மீ. இருப்பது ஒன்று, எனக்கு அது இல்லை. அகலம் 0.6 செ.மீ. இருப்பது இன்னொன்று, அதுவும் ‘மிக அகலமான இடத்தில்’ அளக்க வேண்டும். என் தழும்பு மேலே நூல் மாதிரி இறங்கி, தாடையைத் தாண்டியதும் அகலும். அகலுகிற இடம்தான் தாடிக்குள் இருந்தது.

வலிக்குத் தனிக் குறியீடு, 7804. வலிக்கும் தழும்பு ஒன்றோ இரண்டோ இருந்தால் 10 சதவீதம். விகாரத்துக்குக் கொடுத்தாயிற்று என்று வலியை விட்டுவிடக் கூடாது, இரண்டையும் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். பழைய விதியில் ‘பரிசோதனையின்போது வலி’ என்று இருந்ததாம். 2008 திருத்தத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். டாக்டர் தொட்ட நேரத்தில் வலிக்கவில்லை என்பதால் மட்டும் கதை முடிந்துவிடாது.

துணை விண்ணப்பம் போட்டிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. கிழவருக்கு இதை மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதி கண்ணில் காட்டியே ஆகவேண்டும் என்று ஆசை. செப்டம்பர் 2021-ல் வாரியத்துக்கான 10182 படிவத்தை அனுப்பினோம், புது ஆதாரம் கொடுக்க இடமுள்ள வரிசையைத் தேர்ந்தெடுத்து. இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். படிவத்தோடும் அது போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள்ளும் வருகிற ஆதாரம்தான் கணக்கு. மறுஆய்வு நடக்கும்போது நான் ஏற்றிய போட்டோக்கள் கோப்பிலேயே கிடந்தாலும் நீதிபதி அவற்றைப் பார்க்கக் கூடாது. “எல்லாத்தையும் திரும்ப ஏற்று” என்றார் கிழவர். ஏற்றினேன்.

போட்டோவையும் புதிதாக எடுத்தோம். தாடியை எடுத்துவிட்டு, மகளின் பள்ளிக்கூட ஸ்கேலைத் தழும்பின் மேல் குறுக்கே பிடித்தாள் என் மனைவி. அவள் சாட்சிக் கடிதமும் எழுதினாள். முதல் வரைவில் நான் எவ்வளவு பொறுமைசாலி என்று ஒரு பக்கம். கிழவர் சிரித்துவிட்டு, “இது கல்யாணப் பத்திரிகை. எத்தனை தடவை, எப்போது, என்ன செய்தபோது, அதை எழுதச் சொல்” என்றார். இரண்டாவது வரைவில், காரில் சீட் பெல்ட் கழுத்தில் உரசாமல் இருக்க நான் துண்டு சுற்றிக்கொள்வதும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரவில் வலது பக்கம் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்வதும் இருந்தன. அவள் இதையெல்லாம் கவனிக்கிறாள் என்பது அந்தக் கடிதத்தைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது.

பிறகு இரண்டு வருஷம் சத்தமே இல்லை.

2023 கடைசியில் தீர்ப்பு வந்தது. வலிக்கு 10 சதவீதம், விண்ணப்பித்த நாளிலிருந்தே. வலியை அனுபவிப்பவர் சொல்லலாம், அதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. துண்டு சுற்றும் விவரம் அவர் சொல்வதை நம்பவைக்கிறது என்று எழுதியிருந்தார் நீதிபதி. அந்த வரியை மனைவிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அகல விஷயத்தை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லித் துறைக்கே திருப்பி அனுப்பியிருந்தார்: மிக அகலமான இடத்தை அளக்கவே இல்லை, மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று.

இந்த முறை காலையில் மழமழவென்று ஷேவ் செய்துகொண்டு, எரிச்சலோடேயே போனேன். காலர் இல்லாத டீ-ஷர்ட். பரிசோதித்த அம்மா வெர்னியர் மாதிரி ஒரு கருவியை எடுத்து மூன்று இடத்தில் அளந்தார். தாடைக்குக் கீழே 0.8. “வலி?” என்றார். வாய் வரைக்கும் வந்துவிட்டது பரவாயில்லை. விழுங்கிவிட்டு, ரேஸரிலிருந்து சீட் பெல்ட் வரை எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் டைப் செய்துகொண்டார்.

விகாரத்துக்கும் 10 வந்தது. இவர்கள் கூட்டல் பள்ளிக்கூடக் கூட்டல் இல்லை, அடுத்த சதவீதத்தை நூறில் மிச்சமிருப்பதில்தான் கணக்கிடுவார்கள்: தழும்பின் 10-ம் 10-ம் 19, அதோடு காது இரைச்சலின் 10 சேர்ந்தால் 27. பத்தின் மடங்காக்கும்போது 30 ஆகிவிட்டது. 2024 கணக்கில் தனி ஆளுக்கு 10 சதவீதம் என்றால் மாதம் 171 டாலர், 30 என்றால் 524. பாக்கித் தொகை ஒரே தவணையில் வங்கியில் விழுந்தது.

ஆனால் 30 தொட்டால் மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொடுப்பார்கள், அது தானாக வராது. 21-686சி என்று தனிப் படிவம் இருக்கிறது. முடிவுக் கடிதம் வந்து ஒரு வருஷத்துக்குள் கொடுத்தால்தான் பழைய தேதியிலிருந்து கிடைக்கும். கடிதத்தை உறையோடு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், கடைசித் தேதியைச் சிவப்பு மையில் எழுதி. கல்யாணச் சான்றிதழை மதுரையிலிருந்து தம்பி ஸ்கேன் செய்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான். போன வாரமும் அதையேதான் சொன்னான்.