நாற்பத்தோரு கணினிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

2007-இல் சேலம் ஃபேர்லேண்ட்ஸில், ஒரு வீட்டின் மாடியில் இயங்கிய மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அமெரிக்க மருத்துவர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்லிப் பதிவு செய்கிற குறிப்புகள் ஒலிக்கோப்புகளாக எங்களுக்கு வரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தட்டச்சு செய்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தாமதமானால் அந்தக் கோப்புக்கு உரிய தொகையில் வெட்டு விழும். தட்டச்சுக்கு முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். கணினிகளைப் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான்.

கூடத்துச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் மாட்டியிருந்தன. ஒன்று சேலத்து மணி காட்டும். அமெரிக்கக் கிழக்குப் பகுதியின் மணியைக் காட்டும் மற்றதற்கு அலுவலகத்தில் ‘டாக்டர் கடிகாரம்’ என்று பெயர். ஷிப்டு, சாப்பாட்டு இடைவேளை, கெடு எல்லாம் டாக்டர் கடிகாரப்படிதான். வாடிக்கையாளர் கொடுத்த மென்பொருள் கணினியில் உள்ள நேரத்தை வைத்தே கெடுவைக் கணக்கிட்டதால், கணினிகளும் சேலத்தில் உட்கார்ந்துகொண்டு நியூயார்க் நேரத்தில் ஓடின. குளிர்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர இடைவெளி. கோடையில் அவர்கள் மணியை முன்தள்ளிக்கொள்வதால் ஒன்பதரை. வழக்கமாக ஏப்ரல் முதல் ஞாயிறன்று கணினிகள் தாமாகவே மாறிக்கொள்ளும். அலுவலக உதவியாளர் ஸ்டூல் மேல் ஏறி டாக்டர் கடிகாரத்தின் முள்ளைத் திருப்புவார். அக்டோபர் கடைசி ஞாயிறு மறுபடி ஏறுவார்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் வாடிக்கையாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 2005 ஆகஸ்டில் அமெரிக்காவில் கையெழுத்தான எரிசக்திச் சட்டப்படி, 2007 முதல் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறே தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை நீடிக்கும், உங்கள் கணினிகள் தயாரா என்று கேட்டிருந்தார்கள். சட்டம் வந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. எனக்கு அன்றுதான் தெரியும். மார்ச் 11-க்கு மூன்று வாரம்கூட இல்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் அதற்கு முன்பு செவ்வாய்ப்பேட்டையில் நூல் வியாபாரம் செய்தவர். “அவன் மணியை மாற்றினால் நாமும் முள்ளைத் திருப்பிவிட்டுப் போகிறோம். இதற்கு என்ன தம்பி இத்தனை முகவாட்டம்?” என்றார். பொறியியல் படித்துக்கொண்டிருந்த அவருடைய அக்காள் மகன் பக்கத்தில் இருந்தான். “இன்டர்நெட்டிலிருந்து கணினி தானாகவே நேரத்தை எடுத்துக்கொள்ளும் மாமா, அதுவே சரியாகிவிடும்” என்று தன் பங்குக்குச் சொன்னான்.

இரண்டும் தப்பு. இணையத்தில் இருக்கும் நேர சர்வர் உலகப் பொது நேரத்தை மட்டுமே தரும். நியூயார்க்கில் இப்போது கோடையா குளிரா என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பொது நேரத்தோடு எத்தனை மணி கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும், எந்தத் தேதியிலிருந்து என்ற விதிப் பட்டியல் கணினிக்குள்ளேயே இருக்கிறது. பழையதாகிப்போனது அந்தப் பட்டியல்தான். முதலாளிக்கு ரயிலை வைத்துச் சொன்னேன். “ஜங்ஷனுக்குப் போகிறீர்கள். கையில் கட்டிய வாட்ச் சரியாகத்தான் ஓடுகிறது. பையில் இருப்பது போன வருடத்துக் கால அட்டவணை. வண்டி போய்விட்டது என்பதற்காக வாட்சைத் திருப்புவீர்களா?” சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி, செலவு எவ்வளவு?” என்றார்.

செலவு பணத்தில் இல்லை, தூக்கத்தில். நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகக் கணக்கெடுத்தேன். விண்டோஸ் எக்ஸ்பி இருபத்தேழு, விண்டோஸ் 2000 பதின்மூன்று, கோப்புகளை வாங்கி அனுப்புகிற லினக்ஸ் சர்வர் ஒன்று. ஆக நாற்பத்தொன்று. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டு பட்டதைப் பின்னால் சொல்கிறேன்.

எக்ஸ்பிக்கு இலவசமாகவே பேட்ச், அதாவது மென்பொருளில் உள்ள குறையைச் சரிசெய்யும் சிறு திருத்தம், இருந்தது. திருத்தங்களின் பெரிய தொகுப்பான இரண்டாவது சர்வீஸ் பேக் போட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. மூன்று கணினிகளில் அது இல்லாததால், அதைத் தரவிறக்க எங்கள் பிராட்பேண்டை ஓர் இரவு முழுக்க விட்டுவைக்க வேண்டியிருந்தது. எக்ஸ்பியில் நான்கு கணினிகள் அரிசோனாவில் உள்ள ஒரு மருத்துவமனைக்கானவை. அரிசோனாவில், நவஹோ பழங்குடியினரின் பகுதி நீங்கலாக, கோடை நேரமே கிடையாது. அந்த நான்கிலும் மானிட்டர் மேல் ‘மணியைத் தொடாதே’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

விண்டோஸ் 2000-தான் என்னை உட்கார வைத்தது. அதற்கான பொது ஆதரவு 2005 ஜூனிலேயே முடிந்திருந்ததால் இலவச பேட்ச் கிடையாது. விண்டோஸ் தன் அமைப்புகளையெல்லாம் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திறந்து விதியைக் கையால் திருத்த வேண்டும். அங்கே ஒவ்வொரு நேர மண்டலத்துக்கும் 44 பைட் நீளத்தில் ஒரு வரி இருக்கிறது. முதலில் பார்க்கும்போது யாரோ சோழி உருட்டியது போலத்தான் இருக்கும். ஒரு தாளில் எழுதிப் பிரித்துப் பார்த்தால் பிடிபடும். முதல் எண் 300, அதாவது பொது நேரத்துக்கு நியூயார்க் எத்தனை நிமிடம் பின்னால் என்பது. கடைசி முப்பத்திரண்டு பைட்டுகளில் குளிர்கால நேரம் தொடங்கும் நாளும் கோடை நேரம் தொடங்கும் நாளும். நாள் என்றால் தேதி அல்ல: மாதம், கிழமை, அந்த மாதத்தின் எத்தனையாவது ஞாயிறு, எத்தனை மணிக்கு. இதில் ‘5’ என்று இருந்தால் ஐந்தாவது ஞாயிறு என்று பொருள் இல்லை, கடைசி ஞாயிறு. இது விளங்க எனக்கு இரண்டு டம்ளர் டீ செலவானது.

நான்கே எண்களை மாற்ற வேண்டியிருந்தது. அக்டோபருக்கான 10 இருந்த இடத்தில் நவம்பருக்கான 11, கடைசி ஞாயிற்றுக்கான 5-க்குப் பதில் முதல் ஞாயிற்றுக்கான 1. ஏப்ரலின் 4 இருந்த இடத்தில் மார்ச்சின் 3, முதல் ஞாயிற்றுக்கான 1-க்குப் பதில் இரண்டாம் ஞாயிற்றுக்கான 2. அமெரிக்க நாடாளுமன்றம் பக்கம் பக்கமாகப் போட்ட சட்டத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது இந்த நான்கு எண்கள்தான். ஒரு கணினியில் திருத்தி, அதைக் கோப்பாக எடுத்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு மற்ற பன்னிரண்டிலும் ஏற்றினேன். ஏற்றினால் மட்டும் போதாது. நேர அமைப்புக்குள் போய் வேறு ஏதாவது மண்டலத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு மறுபடி பழைய மண்டலத்துக்கே திரும்ப வேண்டும். அப்போதுதான் கணினி புது விதியை எடுத்துக்கொள்ளும். நாலைந்து கணினிகளில் இதைச் செய்யாமல் விட்டுச் சோதனையில் கண்டுபிடித்தேன்.

சோதனை எளிது. ஒரு கணினியில் தேதியை மார்ச் 11, நேரத்தை அதிகாலை 1.59 என்று வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1.59.59-க்கு அடுத்த நொடி 3.00.00 என்று வந்தால் சரி. வந்தது. மகிழ்ச்சியில் எழுந்து கீழே டீ குடிக்கப் போய்விட்டேன். தேதியைத் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். திரும்பி வருவதற்குள் அந்த இருக்கைக்கு உரிய பெண் வந்து, இன்னும் பிறக்காத தேதியைப் போட்டு மூன்று நோயாளிகளின் அறிக்கையை முடித்து வைத்திருந்தார். “அண்ணா, இந்த டாக்டர் அடுத்த வாரத்து ஆபரேஷனை இன்றைக்கே முடித்துவிட்டாரா?” என்று கேட்டார். அனுப்புவதற்கு முன் பார்த்ததால் தப்பித்தேன்.

லினக்ஸ் சர்வரில் இருந்தது ரெட் ஹேட் என்ற லினக்ஸ் வகையின் பழைய பதிப்பு. புதிய விதிக் கோப்பைத் தரவிறக்கித் தொகுத்து உரிய இடத்தில் வைத்தேன். எந்த மண்டலத்தில் எப்போதெல்லாம் மணி மாறியது, மாறும் என்று வரிசையாகக் காட்டுகிற ஒரு கட்டளை உண்டு. நியூயார்க்குக்குப் போட்டுப் பார்த்ததும் மார்ச் 11, நவம்பர் 4 என்று பளிச்சென்று வந்தது. சும்மா இராமல் நம் ஊருக்கும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் வராது என்று நினைத்தேன். 1942-லும் 1945-லும் வரிகள் வந்தன! யுத்த காலத்தில் இந்தியாவிலும் மணியை ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருந்திருக்கிறார்கள். மறுநாள் வீட்டில் தாத்தாவைக் கேட்டேன். அவர் அந்தக் காலத்தில் மேட்டூரில் வேலை பார்த்தவர். “ஆமாம் கண்ணு, சங்கு முன்னாலேயே ஊதிவிடும். உன் பாட்டி மட்டும் வெயிலைப் பார்த்துத்தான் உலை வைப்பாள். எனக்குத்தான் பாதி நாள் பழைய சோறு” என்றார். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டியின் கோபம் ஒரு சர்வருக்குள் இரண்டு வரியாகக் கிடக்கிறது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

மார்ச் 11, ஞாயிறு. நியூயார்க்கில் அதிகாலை இரண்டு மணி என்றால் நமக்கு மதியம் பன்னிரண்டரை. தெருவெல்லாம் கறிக்குழம்பு மணந்துகொண்டிருந்தது. விடுமுறை ஷிப்டில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் தட்டச்சை நிறுத்திவிட்டுத் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தார்கள். முதலாளிகூட வேட்டியோடு வந்து நின்றார். 1.59. பிறகு, அரிசோனாக் கணினிகள் நீங்கலாக, எல்லாத் திரையிலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் 3.00. “அவ்வளவுதானா?” என்றார் முதலாளி. உதவியாளர் ஸ்டூல் மேல் ஏறி டாக்டர் கடிகாரத்தின் முள்ளைத் திருப்பினார். அதற்கு மட்டும் பேட்ச் கிடையாது.

நான் கடைசியாகச் சர்வரைப் பார்த்தேன். இரண்டு மணி மூன்று நிமிடம் என்று சாவகாசமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. வயிற்றில் ஏதோ புரண்டது. விதிக் கோப்பு சரி, கட்டளை காட்டிய தேதி சரி, பிறகு ஏன்? இருபது நிமிடம் தேடிய பிறகு தெரிந்தது. சர்வர் தன் உள்ளூர் நேரத்துக்குப் பார்ப்பது மண்டலக் கோப்புகள் இருக்கும் அந்த இடத்தை அல்ல. நிறுவும்போது அங்கிருந்து நகலெடுத்து வேறோர் இடத்தில் வைத்த தனிக் கோப்பைத்தான். நான் மூலத்தைத் திருத்திவிட்டு நகலை அப்படியே விட்டிருக்கிறேன். ஒரே ஒரு நகலெடுக்கும் கட்டளை, முடிந்தது. முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். கோப்புகளைக் குறித்த நேரத்தில் எடுத்துவரும் நிரல் மட்டும் பழைய நகலை மனத்தில் வைத்துக்கொண்டே ஓடிக்கொண்டிருந்தது. இரவு எட்டு மணிக்கு, கோப்பு எல்லாமே ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறது என்று தொலைபேசி வந்தது. அந்த நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். அதையும் நான் செய்திருக்கவில்லை.

கணினிகளை விடப் பெரிய தலைவலி வேன். இரவு ஷிப்டுப் பெண்களை அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கமிருந்து அழைத்துவரும் வேன், மாலையில் பள்ளிப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வருவது. ஷிப்டு ஆறரையிலிருந்து ஐந்தரைக்கு வந்துவிட்டது. முந்தைய ஆண்டுகளில் இந்த மாற்றம் ஏப்ரலில் வரும். அப்போது பள்ளியில் தேர்வு, அரை நாள்தான், ஓட்டுநருக்குச் சிரமமில்லை. இந்த முறை மார்ச்சிலேயே வந்துவிட்டதால் மூன்று வாரம் அவர் என்னைப் பார்த்த பார்வையில், அமெரிக்காவுக்கு நான்தான் யோசனை சொல்லியிருப்பேன் என்ற சந்தேகம் தெரிந்தது.

இனி நாற்பத்திரண்டாவது கணினி. யுபிஎஸ் அறை மூலையில் ஒரு பழைய விண்டோஸ் 2000 இருந்தது. வருகைப் பதிவுக்கு மட்டும் பயன்படுவதால் மேசை மேசையாக எண்ணியபோது என் கண்ணில் படவில்லை. மார்ச் 11-க்குப் பிறகு அது ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. யாரோ கையால் முன்தள்ளிவிட்டிருந்தார்கள், அதனால் யாருக்கும் தெரியவில்லை. ஏப்ரல் 1, பழைய விதிப்படி முதல் ஞாயிறு. கணினி தன் கடமையை மறக்காமல் இன்னொரு மணி நேரம் முன்னால் குதித்தது. அன்று வந்த அத்தனை பேருக்கும் ஒரு மணி நேரத் தாமதம் என்று பதிவாகி, திங்களன்று பிடித்தப் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டது. முட்டாள்கள் தின வேடிக்கை என்று முதலில் சிரித்தார்கள். தொகையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

யார் கையால் மாற்றியது என்று எல்லோரையும் விசாரித்தேன். முதலாளி அறைக்குள் கூப்பிட்டார். “மார்ச்சில் நீ சர்வரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாய். அது மட்டும் தப்பாக இருந்தது. ஒரு உதவியாக இருக்கட்டுமே என்று…” என்று இழுத்தார். பிடித்தம் ரத்தானது.

இந்த வருகைப் பதிவுக் கணினியைச் சேலத்து நேரத்துக்கே மாற்றிவிடலாம் என்று அன்றே சொன்னேன். ஷிப்டே டாக்டர் கடிகாரப்படிதானே என்று மறுத்துவிட்டார். சரி என்று அதிலும் அந்த நான்கு எண்களைத் திருத்திவைத்தேன். நவம்பர் 4 வந்தது. நமக்குக் காலை பதினொன்றரை ஆனபோது அங்கே இரண்டு மணி மறுபடி ஒரு மணியானது. எல்லாக் கணினியும் சரியாகத் திரும்பின, சர்வர் உட்பட. மறுநாள் வருகைப் பதிவு அச்சாகி வந்தபோது, அரை நாள் விடுப்பு சொல்லிச் சீக்கிரம் கிளம்பிய ஒரு பெண் 1.50-க்கு வந்து 1.20-க்குப் போனதாக இருந்தது. வேலை செய்த நேரம் மைனஸ் அரை மணி. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். “இவள் எனக்குப் பணம் தர வேண்டுமா தம்பி?” என்றார். பிறகு அவரே, “நீ சொன்ன மாதிரி நம்ம ஊர் நேரத்துக்கு மாற்றிவிடு” என்றார்.

பட்டியலில் சேலம் இல்லை. சென்னையும் நம் நாட்டின் மற்றப் பெருநகரங்களும் இருந்த வரியைத் தேர்ந்தெடுத்தேன். கோடை நேரத்துக்குத் தானாக மாறட்டுமா என்று கேட்டபடி கீழே இருந்த அந்தச் சின்னப் பெட்டி திரையிலிருந்தே மறைந்துபோனது.